பேர்ஸ் அணியின் அஃபென்ஸ் 2025 சீசனில் தேறுமா?

கேள்வி: சிகாகோ புறநகரில் இருக்கிறோம். பள்ளியில் படிக்கும் என் மகன் அமெரிக்கக் கால்பந்து அணியான பேர்ஸின் தீவிர ரசிகன். போன சீசன் முழுக்க அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். குவாட்டர்பேக் (பந்தை எறியும் முக்கிய ஆட்டக்காரர்) கேலப் வில்லியம்ஸ் பந்தை எறிந்ததைவிடத் தரையில் விழுந்ததுதான் அதிகமாக நினைவில் இருக்கிறது. புதுப் பயிற்சியாளர் வந்துவிட்டார், இந்த வருடம் எல்லாம் மாறிவிடும் என்கிறான் பையன். நிஜமாகவே மாறுமா? ஒரே ஒரு ஆட்டத்துக்கு நேரில் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். டிக்கெட் விலை கொஞ்ச நஞ்சம் இல்லை. எந்த ஆட்டத்துக்கு வாங்குவது?

பதில்:

அஃபென்ஸ், அதாவது பந்தை வைத்துத் தாக்கும் பிரிவு, தேறும். உங்கள் பையன் சொல்வது சரிதான். ஆனால் அவன் சொல்லும் காரணம் பாதிதான். புதுப் பயிற்சியாளர் பென் ஜான்சன் முக்கியமானவர், மறுக்கவில்லை. அவரைவிட எனக்கு நம்பிக்கை தருவது, பெரும்பாலான ரசிகர்கள் பெயர்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளாத மூன்று பேர். அவர்களிடம் வருவதற்கு முன் போன வருடம் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம்.

2024இல் பேர்ஸ் 17 ஆட்டங்களில் 310 புள்ளிகள் எடுத்தது. மொத்தம் கடந்த யார்டு கணக்கில் 32 அணிகளில் 32வது இடம். முதல் ஆறு ஆட்டங்களில் நான்கு வெற்றி என்று நன்றாகத்தான் தொடங்கினார்கள். அப்புறம் தொடர்ந்து பத்துத் தோல்வி. நவம்பரில் நியூ இங்கிலாந்திடம் 19-3 என்று சொந்த மண்ணில் தோற்றபோது, அந்த ஒரே ஆட்டத்தில் கேலப் ஒன்பது முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறிவதற்குள் பிடித்துச் சாய்க்கப்பட்டார். அந்த வாரமே அஃபென்ஸ் பொறுப்பாளர் ஷேன் வால்ட்ரன் நீக்கப்பட்டார். மாதக் கடைசியில் தலைமைப் பயிற்சியாளர் மேட் எபர்ஃப்ளூஸும் போனார். சீசன் நடுவில் தலைமைப் பயிற்சியாளரை அனுப்புவது பேர்ஸ் வரலாற்றில் அதுவே முதல் முறை.

இவ்வளவு எண்களில் நீங்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்: 68. கேலப் பந்தை எறிவதற்குள் எதிரணி அவரைப் பிடித்துச் சாய்த்த தடவைகள் அத்தனை. என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) வரலாற்றில் ஒரே சீசனில் இதைவிட அதிகம் சாக் ஆனவர்கள் இரண்டே பேர். 2002இல் டேவிட் கார் 76 முறை, 1986இல் ராண்டல் கன்னிங்ஹாம் 72 முறை.

சாக் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? பத்து யார்டு கடக்க நான்கு வாய்ப்புகள்தான். முதல் வாய்ப்பிலேயே ஏழு யார்டு பின்னால் விழுந்துவிட்டால், மிச்சமிருக்கும் வாய்ப்புகளில் பதினேழு யார்டு போயாக வேண்டும். அந்த நிலைமையில் பந்தோடு ஓடும் ஆட்டத்துக்கு வழியில்லை. எறியத்தான் போகிறீர்கள் என்று எதிரணிக்கும் தெரியும், இன்னும் வேகமாகப் பாய்ந்து வருவார்கள். அதனால் ஒரு சாக் பெரும்பாலும் அந்த முயற்சியையே முடித்துவிடுகிறது. புள்ளி வராததற்குத் திறமையான ரிசீவர்கள் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்கள்) இல்லாதது காரணம் என்று சொல்லவே முடியாது. டிஜே மூர் இருந்தார், கீனன் ஆலன் இருந்தார், டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் எடுத்த ரோம் ஒடுன்ஸே இருந்தார். பந்து அவர்களிடம் போய்ச் சேரத்தான் நேரமில்லை.

இதில் கேலப்பின் பங்கும் உண்டு. எறிய ஆள் தெரிந்த பிறகும் இன்னும் பெரிதாக ஒன்று கிடைக்குமா என்று பந்தைக் கையில் வைத்துக்கொண்டே ஓடுவார். கல்லூரிக் காலத்திலிருந்தே உள்ள பழக்கம். இன்னொரு பக்கம், சீசன் முழுக்க ஆறே ஆறு இன்டர்செப்ஷன்தான் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது). எதிரணி கையில் சிக்காமல் தொடர்ச்சியாக 353 பாஸ் எறிந்தார். அறிமுக வீரர்களில் அது சாதனை. ஒரே குணத்தின் இரண்டு பக்கங்கள் இவை: பந்தைத் தவறாக எறிய மாட்டார், எறியாமலே விழுந்துவிடுவார். இதைப் பயிற்சியால் திருத்த முடியும். பயந்து பயந்து எறிகிறவரைத் திருத்துவதுதான் ரொம்பக் கஷ்டம், கேலப்பிடம் பயமே கிடையாது.

இப்போது அந்த மூன்று பேர். மார்ச் மாதத்தில் பேர்ஸ் நிர்வாகம், குவாட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசையின் நடுப்பகுதியை (சென்டரும் அவருக்கு இருபுறமும் நிற்கும் கார்டுகளும்) அப்படியே மாற்றிவிட்டது. கேன்சஸ் சிட்டியிலிருந்து இடது கார்டாக ஜோ தூனி, நான்கு சூப்பர் பௌல் (லீகின் இறுதிப் போட்டி) மோதிரம் வென்றவர். அட்லாண்டாவிலிருந்து சென்டராக ட்ரூ டால்மன். ராம்ஸ் அணியிலிருந்து வலது கார்டாக ஜோனா ஜாக்சன், அவர் டெட்ராய்டில் ஜான்சனிடமே ஆடியவர். விளிம்பிலிருந்து ஓடி வரும் எதிரியிடமிருந்து குவாட்டர்பேக் இரண்டடி முன்னால் நகர்ந்து தப்பிக்கலாம். நடுவைப் பிளந்து வருகிறவனிடமிருந்து தப்ப முன்னாலும் இடமில்லை, பின்னால் போனால் அங்கே விளிம்பு ஆள் காத்திருப்பான். கேலப்பைப் போன்று பந்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருப்பவருக்கு நடு உறுதியாக இருப்பதுதான் உயிர். அதைப் புரிந்துகொண்டு பணத்தை இங்கே கொட்டியிருக்கிறார்கள். கடந்த பல வருடங்களில் பேர்ஸ் எடுத்த ஆகச் சிறந்த முடிவு இதுதான் என்பேன்.

வரிசையின் இரு விளிம்பிலும் நிற்பவர்கள் டேக்கிள்கள். வலது டேக்கிளில் டார்னெல் ரைட் நம்பகமானவர். இடது டேக்கிள்தான் இன்னும் கேள்விக்குறி. பிராக்ஸ்டன் ஜோன்ஸ் டிசம்பரில் கணுக்காலை உடைத்துக்கொண்டவர், எவ்வளவு குணமாகியிருக்கிறார் என்பது பயிற்சி முகாமில்தான் தெரியும். அந்த இடத்துக்குப் போட்டியாக இரண்டாம் சுற்றில் ஆஸி ட்ரபிலோவை எடுத்திருக்கிறார்கள்.

ஜான்சனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021இல் டெட்ராய்ட் எடுத்தது 325 புள்ளிகள். அவர் அஃபென்ஸ் பொறுப்பேற்ற 2022இல் 453, அடுத்த வருடம் 461, 2024இல் 564, அது லீகிலேயே முதலிடம். குவாட்டர்பேக் ஜாரெட் காஃப் அந்த நான்கு வருடமும் அங்கேயேதான் இருந்தார். ஓட்டம் போலக் காட்டிவிட்டு எறிவது, சென்டருக்கு நேர் பின்னால் நின்று பந்தை வாங்குவது, பந்து கைமாறும் முன்பே ஆட்களை நகர்த்தி எதிரணியைக் குழப்புவது, இவைதான் அவருடைய பாணி. டெட்ராய்டில் அவருக்கு லீகின் மிகச் சிறந்த தடுப்பு வரிசைகளில் ஒன்று இருந்தது. இங்கே அதைக் கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் 564ஐ எதிர்பார்க்காதீர்கள். கேலப் கல்லூரியில் பெரும்பாலும் சில யார்டு பின்னால் நின்றே பந்தை வாங்கிப் பழகியவர். பாதத்தை எங்கே வைப்பது என்பதிலிருந்தே மறுபடி படிக்க வேண்டும். அது செப்டம்பரில் முடிந்துவிடுகிற வேலை இல்லை.

உங்கள் பையனிடம் இரண்டு பழைய கதைகளைச் சொல்லுங்கள். ஒன்று பேர்ஸ் கதையேதான். 2017இல் 264 புள்ளிகள் எடுத்த அணி, 2018இல் மேட் நேகி பயிற்சியாளராக வந்ததும் 421 எடுத்தது. 12 வெற்றி, நாலு தோல்வி. ஊரே கொண்டாடியது. 2019இல் 280! ஏன்? 2018இல் அவர்களுடைய டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கும் பிரிவு) 36 முறை பந்தைப் பறித்தது, லீகிலேயே அதிகம். அஃபென்ஸ் பாதி மைதானத்தை மட்டும் கடந்தால் போதும் என்ற நிலை அடிக்கடி கிடைத்தது. டிஃபென்ஸே ஆறு டச் டவுனும் (பந்தை எதிரணியின் கோடிக்குள் கொண்டு சேர்ப்பது) போட்டது. ஸ்கோர்போர்டு ஏறியது, அஃபென்ஸ் அந்த அளவுக்கு வளரவில்லை. புள்ளிகளை மட்டும் பார்த்து மகிழ்ந்தவர்கள் அடுத்த வருடம் நொந்துபோனார்கள்.

இன்னொன்று ஹூஸ்டன். சி.ஜே. ஸ்ட்ரௌட் 2023இல் அறிமுக வீரராகவே 4,108 யார்டு, 23 டச் டவுன், 5 இன்டர்செப்ஷன் என்று கலக்கினார். இரண்டாவது வருடம் இன்னும் உயரம் என்று எல்லோரும் எழுதினார்கள். வந்தது 3,727 யார்டு, 20 டச் டவுன், 12 இன்டர்செப்ஷன். சாக் 38இலிருந்து 52க்கு ஏறியிருந்தது. இரண்டாவது வருடம் குவாட்டர்பேக் தானாக வளர்ந்துவிடுவார் என்பது வெறும் நம்பிக்கை. முன்னால் நிற்கிற ஐந்து பேர் எப்படி என்பதைப் பொறுத்துத்தான் அவர் வளர்வார்.

எதிர்த்திசையில் ஓர் உதாரணமும் இருக்கிறது, எனக்குத் தைரியம் தருவது அதுதான். 2016இல் ராம்ஸ் 224 புள்ளிகளோடு லீகில் கடைசி. அடுத்த வருடம் 478 புள்ளிகளோடு முதலிடம். அங்கேயும் ஒரு இளம் தாக்குதல் பயிற்சியாளர் வந்தார், ஷான் மெக்வே. அங்கேயும் டிராஃப்டில் முதல் எண்ணில் எடுத்த குவாட்டர்பேக், இதே ஜாரெட் காஃப். அங்கேயும் மெக்வே வந்த கையோடு, இடது டேக்கிளுக்கு ஆண்ட்ரூ விட்வொர்த், சென்டருக்கு ஜான் சல்லிவன் என்று அனுபவசாலிகளை வாங்கிப் போட்டார்கள். பேர்ஸ் செய்திருப்பதும் கிட்டத்தட்ட அதையேதான்.

ஆகஸ்ட் முன்னோட்ட ஆட்டங்களின் ஸ்கோரைப் பொருட்படுத்தாதீர்கள். முதல் அணி களத்தில் இருக்கும்போது, நேரம் முடிவதற்குள் வரிசையில் வந்து நிற்கிறார்களா, பந்து அசையும் முன்பே யாராவது நகர்ந்து அபராதம் வாங்குகிறார்களா என்று மட்டும் பாருங்கள். சீசன் தொடங்கியதும் முதல் நான்கு ஆட்டங்களின் சாக் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு இரண்டு என்ற அளவில் நின்றால் இந்த அஃபென்ஸ் லீகின் மேல்பாதிக்கு வந்துவிடும். நாலாகவே தொடர்ந்தால் ஜான்சனாலும் ஒன்றும் செய்ய முடியாது. கேலப்பின் யார்டு விஷயத்தில், 2024 சீசன் வரை, 1995இல் எரிக் கிரேமர் எடுத்த 3,838தான் பேர்ஸ் சாதனையாக இருந்தது. இந்த அணியில் இன்றுவரை யாரும் 4,000 தொட்டதில்லை. கிரேமரைத் தாண்ட இந்த வருடம் நல்ல வாய்ப்பு இருக்கிறது. நாலாயிரத்தை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

வெற்றிக் கணக்கை இதோடு சேர்க்காதீர்கள். டெட்ராய்ட் போன வருடம் 15 ஆட்டம் வென்றது, மினசோட்டா 14, கிரீன் பே 11. இந்த மூவரோடும் தலா இரண்டு முறை மோத வேண்டும். அஃபென்ஸ் தேறியும் சில ஆட்டங்கள் கைநழுவலாம்.

இனி டிக்கெட். செப்டம்பர் 8 மினசோட்டா ஆட்டத்தை விட்டுவிடுங்கள். திங்கள் இரவு, மறுநாள் பள்ளி, விலையும் உச்சம். எல்லாவற்றுக்கும் மேலாக அது புது அஃபென்ஸின் முதல் நாள். எதிரணியின் டிஃபென்ஸை நடத்தும் பிரையன் ஃப்ளோரஸ் எந்தத் திசையிலிருந்து ஆளை அனுப்புவார் என்று யாராலும் கணிக்க முடியாது. டிசம்பரில் கிரீன் பே பேக்கர்ஸ் ஆட்டம் ஆசையைத் தூண்டும், ஏரிக்காற்றில் பையன் உறைந்துவிடுவான்.

என் தேர்வு அக்டோபர் 19, ஞாயிறு, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். ஐந்தாவது வாரம் பேர்ஸுக்கு ஓய்வு. அதில் முதல் மாதத்துத் தவறுகளை உட்கார்ந்து திருத்தியிருப்பார்கள், அடுத்து வாஷிங்டனில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வீடு திரும்புவார்கள். செயின்ட்ஸ் போன வருடம் ஐந்தே ஆட்டம் வென்ற அணி என்பதால் மறுவிற்பனையில் விலை இறங்க வாய்ப்பு அதிகம். அது அமையாவிட்டால் நவம்பர் 9, ஜயன்ட்ஸ்.

இருக்கை வாங்கும்போது ஓரக்கோட்டுக்குப் பக்கத்தில் கீழ் வரிசைக்கு ஆசைப்படாதீர்கள். அங்கிருந்து வீரர்களின் முதுகுதான் தெரியும். எண்ட் ஸோன் (மைதானத்தின் கோடி) பக்கம் மேல் வரிசை விலையும் குறைவு, தடுப்பு வரிசை திறந்து மூடுவது முழுசாகத் தெரியும். புறநகர் ரயிலில் யூனியன் ஸ்டேஷன் வரை வந்தால் அங்கிருந்து ஆட்ட நாட்களில் 128ஆம் எண் பேருந்து சோல்ஜர் ஃபீல்டுக்கே போகும். உள்ளே பெரிய பையாக எடுத்துப் போவதென்றால் உள்ளிருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை மட்டும்தான், வழக்கமான முதுகுப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.