துறைமுக எல்லைக்குள் வந்துவிட்டால் வீடு பறிபோகுமா?

கேள்வி: தூத்துக்குடி துறைமுகத்துக்கு அருகே கடலோரக் கிராமத்தில் இருக்கிறோம். மறைந்த என் தந்தை கிரயம் வாங்கிய ஆறு சென்ட் மனையில்தான் வீடு. பட்டா இன்னும் அவர் பெயரில் உள்ளது. துறைமுக எல்லையை விரிவாக்கி அரசிதழில் அறிவித்துவிட்டார்கள், இனி வீடு துறைமுகத்துக்குச் சொந்தம், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்கிறார் ஒரு தரகர். என்ன செய்வது?

பதில்: தரகர் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

துறைமுக எல்லை என்பது நிர்வாகக் கோடு. கப்பல் போக்குவரத்தும் கட்டணமும் யாருடைய விதிக்கு உட்பட்டவை என்பதற்காக வரையப்படுவது. 1908-ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகங்கள் சட்டமே, தனியார் சொத்துரிமைக்கு உட்பட்டுத்தான் எல்லையை மாற்றலாம் என்றது. அதற்குப் பதிலாக 2025-இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியிருக்கிறது. எந்தச் சட்டமானாலும், சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது என்ற அரசியல் சட்டத்தின் 300ஏ பிரிவைத் தாண்ட முடியாது.

தூத்துக்குடியின் வ.உ.சி. துறைமுகம் 2021-ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கு உங்கள் மனை தேவையென்றால் உங்களோடு விலை பேச வேண்டும், அல்லது அரசு மூலம் 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி எடுக்க வேண்டும். அப்போது 11-ஆம் பிரிவின் கீழ் முதல்நிலை அறிவிப்பு வரும். அதிலிருந்து 60 நாள்களுக்குள் ஆட்சியரிடம் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம்; உங்களை நேரில் கேட்டாக வேண்டும். இழப்பீட்டில் சந்தை மதிப்பும் கட்டடம், மரங்களின் மதிப்பும் சேரும். அதற்கு மேல், கட்டாயமாக நிலத்தை எடுப்பதற்காகத் தரும் 100 சதவீத ஆறுதல் தொகை உண்டு. அறிவிப்பு வந்தபின் ஆட்சியர் அனுமதியின்றி நிலத்தை விற்கவும் முடியாது. தரகரின் அவசரத்துக்குக் காரணம் புரிகிறதா?

தொகை குறைவென்று தோன்றினால் 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதியே வாங்குங்கள். பலர் கோட்டை விடும் இடம் இது. ஆட்சேபமின்றி வாங்கியவர் 64-ஆம் பிரிவின்படி கூடுதல் இழப்பீடு கேட்க முடியாது. கூடுதல் இழப்பீடு கேட்கும் மனுவுக்கான கெடுவும் குறுகியது: இழப்பீட்டை நிர்ணயிக்கும் ஆட்சியரின் தீர்ப்பாணை வழங்கப்படும்போது நீங்கள் அங்கிருந்தால் ஆறே வாரம்.

தொழிற்பூங்காவுக்காக மாநில அரசு தொழில் தேவைக்கான தன் 1997-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி எடுத்தால் நடைமுறை வேறு. நோட்டீஸ் கைக்கு வந்ததும் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள்.

இப்போது அவசரம் பட்டாதான். வாரிசுச் சான்று பெற்று எல்லா வாரிசுகள் பெயருக்கும் பட்டா மாறுதல் கேட்டு மனுச் செய்யுங்கள். உங்கள் சகோதரிகளை விட்டுவிட வேண்டாம். புல வரைபடம் வாங்கி, வேலி புறம்போக்கில் நீண்டிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். நீண்டிருந்தால் அந்தத் துண்டு நிலத்துக்கு விலை எதிர்பார்க்க முடியாது. அறிவிப்பு உண்மையில் வந்ததா என்பதைத் தரகரிடம் கேட்க வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் துறைமுக ஆணையத்திடமும் ஆட்சியர் அலுவலகத்திடமும் நகல் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.