கையெழுத்து யாருடையது? உக்ரைன் ஊழல் தடுப்புப் பணியகம்: வாசகர் கேள்விகள்

உக்ரைனில் 2025 ஜூலையில் ஊழல் தடுப்பு அமைப்புகளின் தன்னாட்சி ஒரே நாளில் பறிபோனது. ஒன்பது நாளில் திரும்பவும் கிடைத்தது. அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பணியகத்தை மூடவில்லை, இயக்குநரை நீக்கவில்லை, நிதியையும் குறைக்கவில்லை. பிறகு எதை வைத்து "தன்னாட்சி பறிப்பு" என்கிறார்கள்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: பெயர்ப்பலகை, கட்டடம், சம்பளம் எல்லாம் அப்படியே இருக்க, ஓர் அமைப்பின் உயிரை மட்டும் உருவிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். முதலில் அங்கே ஒரு வழக்கு எப்படி நகர்கிறது என்று பாருங்கள்.

தேசிய ஊழல் தடுப்புப் பணியகம், சுருக்கமாக "நாபு", 2015இல் இயங்கத் தொடங்கியது. அமைச்சர், நாடாளுமன்ற உறுப்பினர், நீதிபதி, பெரிய அரசு நிறுவனங்களின் தலைவர் போன்றவர்கள்மீது புலனாய்வு செய்வது அதன் வேலை. ஆனால் நாபு தனியாக யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. புலனாய்வுக்குச் சட்டவழி வழிகாட்டி, வழக்கை நடத்துவது "சாப்போ" எனப்படும் சிறப்பு ஊழல் தடுப்பு வழக்குரைஞர் அலுவலகம். விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது 2019 செப்டம்பரில் செயல்படத் தொடங்கிய உயர் ஊழல் தடுப்பு நீதிமன்றம். ஆக, இது மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலி. நடுக்கண்ணி சாப்போ. அதை அறுத்தால் ஒரு பக்கம் புலனாய்வாளர் கோப்போடு நிற்பார், மறுபக்கம் நீதிபதி வழக்கில்லாமல் காத்திருப்பார்.

2025 ஜூலை 22இல் நிறைவேறிய 12414ஆம் எண் மசோதா கைவைத்தது அந்த நடுக்கண்ணியில்தான். தலைமை வழக்குரைஞர் நாபுவின் எந்தக் கோப்பையும் வரவழைத்துப் பார்க்கலாம். வழக்கை நாபுவிடமிருந்து எடுத்து வேறு புலனாய்வு அமைப்புக்கு மாற்றலாம். நாபு புலனாய்வாளர்களுக்குக் கட்டாயப்படுத்தும் உத்தரவுகளை எழுத்தில் தரலாம். "இது எங்கள் வரம்பில் வருகிறதா, உங்கள் வரம்பிலா" என்ற தகராறை அவரே தீர்ப்பார். உயர் பதவியில் இருப்பவர்மீதான சந்தேக அறிவிப்பில், அதாவது முறைப்படி குற்றம் சாட்டும் முதல் ஆவணத்தில், கையெழுத்திடுவதும் அவரே. குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் கேட்டால் அத்தகையவர்மீதான வழக்கை முடித்துவைக்கலாம். இந்தத் தலைமை வழக்குரைஞரை நியமிப்பவர் அதிபர், ஒப்புதல் தருவது அதிபரின் கட்சி பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றம். கையெழுத்து எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

மசோதா முதலில் எதற்காகக் கொண்டுவரப்பட்டது தெரியுமா? போர்க்காலத்தில் காணாமற்போனவர்கள் தொடர்பான குற்றவியல் நடைமுறைத் திருத்தத்துக்காக. இரண்டாம் வாசிப்புக்கு வரும்போது வேறு பிரிவுகள் உள்ளே நுழைக்கப்பட்டன. காலையில் குழு ஒப்புதல், பகலில் 263 வாக்குகளோடு நிறைவேற்றம், இரவுக்குள் அதிபர் செலென்ஸ்கியின் கையெழுத்து. முந்தைய நாள், ஜூலை 21 அன்று, பாதுகாப்புச் சேவையும் தலைமை வழக்குரைஞர் அலுவலகமும் நாபு ஊழியர்களின் இடங்களில் சுமார் 70 சோதனைகளை நடத்தின. ரஷ்யத் தொடர்பு என்ற கனமான குற்றச்சாட்டும் அதில் இருந்தது, பழைய சாலை விபத்து வழக்குகளும் இருந்தன. சோதனையும் சட்டமும் அடுத்தடுத்த நாளில் வந்ததைத் தற்செயல் என்று எங்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியம் 150 கோடி யூரோவை நிறுத்தியதால்தான் செலென்ஸ்கி பின்வாங்கினார் என்று படித்தேன். சரியா? (திருச்சிராப்பள்ளி வாசகர்)

பதில்: பாதி சரி. இந்த இடத்தில் பல செய்திகள் சறுக்கின, அதனால் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

உக்ரைனுக்கு 2024 முதல் 2027 வரை 5,000 கோடி யூரோ தரும் ஒரு திட்டம் ஒன்றியத்திடம் இருக்கிறது. மொத்தமாகத் தரமாட்டார்கள், தவணை தவணையாகத்தான். ஒவ்வொரு தவணைக்கும் நிறைவேற்ற வேண்டிய சீர்திருத்தப் பட்டியல் உண்டு. நான்காம் தவணை ஏறத்தாழ 450 கோடி. அதற்கான 16 பணிகளில் 13 மட்டுமே முடிந்திருந்ததால், சுமார் 305 கோடி தரலாம் என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஜூலை 25இல் பரிந்துரைத்தது. முடியாத மூன்றில் ஒன்று, உயர் ஊழல் தடுப்பு நீதிமன்றத்துக்குப் புதிய நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பது. கணக்கின்படி பார்த்தால் இது ஜூலை 22 சட்டத்துக்கான தண்டனை ஆகாது. முன்பே செய்யாமல் விட்டவற்றுக்கான பிடித்தம். பின்னர் முடித்தால் அந்தத் தொகையைப் பெறவும் வழியுண்டு.

ஆனால் கீவில் இருந்தவர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஜூலை 21 அன்றே ஜி-7 நாடுகளின் தூதர்கள் நாபுவைச் சந்தித்து, கடுமையான கவலை தெரிவித்துவிட்டார்கள். மறுநாள் ஒன்றிய விரிவாக்க ஆணையர் மார்த்தா கோஸ், சட்டம் பெரிய பின்னடைவு என்றார். ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லையன் விளக்கம் கேட்டார். அந்தச் சூழலில் தவணை குறைந்த செய்தி வந்தால், அது எச்சரிக்கையாகத்தான் காதில் விழும்.

மறக்கக் கூடாத இன்னொன்று, தெரு. போர்ச் சட்டத்தின்கீழ் கூட்டம் கூடத் தடை இருந்தும், கீவில் இவான் ஃபிராங்கோ நாடக அரங்கை ஒட்டிய சதுக்கத்தில் இளைஞர்கள் அட்டைப்பெட்டிகளைக் கிழித்து எழுதிய பதாகைகளோடு திரண்டார்கள். லிவிவ், திநிப்ரோ, ஒடெசாவிலும் கூடினார்கள். 2022இல் முழுப் போர் தொடங்கிய பிறகு அரசுக்கு எதிராக இப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை. ஜூலை 24இல் அதிபரே புதிய மசோதாவைத் தாக்கல் செய்தார். ஜூலை 31இல் 331 வாக்குகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. முந்தைய வாரம் ஒரு பொத்தானை அழுத்திய பலர் இந்த வாரம் அதற்கு நேரெதிரான பொத்தானை அழுத்தினார்கள். தூதர்களின் சொல் மட்டும் இதைச் சாதித்திருக்கும் என்று நாங்கள் நம்பவில்லை.

கேள்வி: இது முதல் முயற்சியா, முன்பும் நடந்திருக்கிறதா? (சென்னை வாசகி)

பதில்: ஓர் அமைப்பை எத்தனை விதமாக முடக்கலாம் என்பதற்கு நாபுவின் வரலாறே பாடப்புத்தகம்.

2017 டிசம்பரில் முயன்றது நேரடி வழி. நாடாளுமன்றம் சாதாரண வாக்கெடுப்பில் நாபு இயக்குநரை நீக்கலாம் என்று 7362ஆம் எண் மசோதா வந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் நாபுவின் ரகசியப் புலனாய்வு ஒன்றைத் தலைமை வழக்குரைஞரும் பாதுகாப்புச் சேவையும் வெளிச்சம் போட்டுக் காட்டிக் கெடுத்திருந்தார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை வெளிப்படையாகக் கண்டித்தது. பன்னாட்டு நாணய நிதியத்தின் கிறிஸ்டின் லகார்ட், உலக வங்கியின் ஜிம் யோங் கிம் இருவரும் பேசினார்கள். டிசம்பர் 7இல் மசோதா நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் அதே நாளில், நாடாளுமன்ற ஊழல் தடுப்புக் குழுவின் தலைவர் பதவியிழந்தார். வெளியார் எல்லாரும் ஒரு கதவைப் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த கதவு சாத்தப்பட்டது.

2018இல் வழி இன்னும் நுட்பமானது. நாணய நிதியத்தின் நிபந்தனைப்படி ஊழல் தடுப்பு நீதிமன்றச் சட்டம் ஜூனில் நிறைவேறியது. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு வாசித்தால், கடைசி நேரத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது: ஏற்கெனவே நடக்கும் நாபு வழக்குகளின் மேல்முறையீடு பழைய சாதாரண நீதிமன்றங்களுக்கே போகும். அதாவது அதுவரை பிடிபட்டவர்கள் எல்லாரும் தப்பிக்க ஒரு சந்து. நிதியம் அதைக் கண்டுபிடித்து விடாப்பிடியாக நின்றது. ஜூலையில் திருத்தம் வந்தது.

2020இல் வேலை அரசியல் சாசன நீதிமன்றம் வழியாக நடந்தது. ஆகஸ்டில், முதல் இயக்குநர் ஆர்த்தெம் சித்னிக்கை நியமித்த அதிபர் ஆணை செல்லாது என்று தீர்ப்பு. அக்டோபரில், பொய்யான சொத்துக் கணக்குக்கான குற்றவியல் தண்டனையே ரத்து.

எல்லாவற்றிலும் சத்தமில்லாத முறை ஒன்று உண்டு: நாற்காலியைக் காலியாக விடுவது. 2020 ஆகஸ்டில் சாப்போ தலைவர் விலகினார். தேர்வுக்குழு 2021 டிசம்பருக்குள் மதிப்பெண் போட்டு, முதலிடம் யாருக்கு என்றுகூடத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த முடிவு மாதக்கணக்கில் உறுதிசெய்யப்படவே இல்லை. 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம், தன்னிடம் உறுப்பினராகச் சேரக் காத்திருக்கும் வேட்பாளர் நாடு என்ற தகுதியை உக்ரைனுக்குத் தந்தபோது ஏழு பணிகளைச் சொன்னது, அதில் இந்த நியமனமும் இருந்தது. ஜூலை 28இல் ஒலெக்சாண்டர் கிளிமென்கோ பதவியேற்றார். ஏறக்குறைய இரண்டு ஆண்டு தலைவர் இல்லாமல் ஓர் அலுவலகம் இருந்தது. அதற்காக யாரும் எந்தச் சட்டத்தையும் மீற வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: இலங்கையிலும் நாணய நிதியம் சொல்லித்தான் புதிய ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்ததா? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நிதியத்தின் நிபந்தனைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. 2023 மார்ச்சில் ஒப்புதலான சுமார் 300 கோடி டாலர் கடன் திட்டத்தில் இந்தச் சட்டமும் ஒரு நிபந்தனை. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அவ்வருடம் செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. ஆசியாவில் நிதியத்தின் ஆட்சிமுறை ஆய்வுக்கு முதலில் உட்பட்ட நாடும் இலங்கைதான்.

கொழும்புக்கு இந்த விஷயத்தில் இன்னொரு இடமும் உண்டு. ஊழல் தடுப்பு அமைப்புகள் எப்படி இருக்க வேண்டும் என்று 2012இல் ஜகார்த்தாவில் ஒரு கொள்கை அறிக்கை எழுதப்பட்டது. அதற்கு விரிவுரை எழுதும் பணி 2018இல் கொழும்பில் கூடியவர்களிடமிருந்து தொடங்கியது, அதனால் அதன் பெயரே "கொழும்பு விரிவுரை". தலைவரை நீக்கும் முறை, பதவி காலியானால் யார் பொறுப்பு, நிதி எங்கிருந்து என்று அது பேசும் விஷயங்களை மேலே சொன்ன உக்ரைன் கதைகளோடு வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு காயம் ஞாபகத்துக்கு வரும்.

கேள்வி: என்னதான் நல்ல காரியமானாலும், ஒரு நாட்டின் சட்டத்தை வெளிநாட்டுத் தூதர்கள் தீர்மானிக்கலாமா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டோம். ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 6, 36ஆம் பிரிவுகள் இத்தகைய அமைப்புகளுக்குத் தேவையான சுதந்திரம் தரச் சொல்கின்றன. கையெழுத்திட்ட நாட்டை அதைக் காட்டிக் கேட்பது தலையீடு ஆகாது. கடன் தருபவர் நிபந்தனை கேட்பதும் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் யார்மீது வழக்குப் போட வேண்டும், யாரை விட வேண்டும் என்று தூதரகம் சொல்லத் தொடங்கினால் அது எல்லை மீறல். நடைமுறையைப் பற்றிக் கேட்கலாம், வழக்கைப் பற்றிக் கேட்கக் கூடாது. நாங்கள் போடும் கோடு இது.

அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. பி.ஏ.இ. என்ற ஆயுதத் தயாரிப்பு நிறுவனத்தின் சவுதி ஒப்பந்தத்தில் லஞ்சம் கொடுக்கப்பட்டதா என்று அங்குள்ள கடும் மோசடிப் புலனாய்வு அலுவலகம் விசாரித்துக்கொண்டிருந்தது. விசாரணை தொடர்ந்தால் பயங்கரவாதத் தடுப்பில் ஒத்துழைப்பு நிற்கும் என்று சவுதி தரப்பு மிரட்டியது. 2006 டிசம்பரில் விசாரணை கைவிடப்பட்டது. வேறு நாட்டுடனான உறவை மனத்தில் வைத்து லஞ்சப் புலனாய்வை நிறுத்தக் கூடாது என்று வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் லஞ்ச எதிர்ப்பு உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு சொல்கிறது, பிரிட்டன் அதில் உறுப்பு நாடு. இருந்தும் 2008 ஜூலையில், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் அந்த முடிவு சட்டப்படி செல்லும் என்றே தீர்ப்பளித்தார்கள். ராஜதந்திர அழுத்தம் என்பது கத்தி. அது ஊழல் தடுப்புக்கு ஆதரவாகவும் வெட்டும், எதிராகவும் வெட்டும்.

கேள்வி: தன்னாட்சி திரும்பிய பிறகு நாபு என்ன செய்தது? (மதுரை வாசகி)

பதில்: 2025 நவம்பர் 10இல் "மிடாஸ்" என்ற நடவடிக்கையை அறிவித்தது. அணுமின் நிறுவனமான எனெர்கோஆட்டமின் ஒப்பந்ததாரர்களிடம் 10 முதல் 15 விழுக்காடு கமிஷன் வாங்கப்பட்டதாகவும், சுமார் 10 கோடி டாலர் கைமாறியதாகவும் குற்றச்சாட்டு. 15 மாதப் புலனாய்வு, 1,000 மணி நேர ஒலிப்பதிவு. அதிபருக்கு நெருக்கமான தொழிலதிபர் ஒருவர் நாட்டைவிட்டுப் போனார். இரண்டு அமைச்சர்கள் நவம்பர் 19இல் நீக்கப்பட்டார்கள். வீட்டில் சோதனை நடந்த நவம்பர் 28 அன்றே அதிபர் அலுவலகத் தலைவர் ஆந்திரி எர்மாக் விலகினார். குற்றங்கள் நீதிமன்றத்தில் இன்னும் நிரூபணமாக வேண்டும். ஆனால் 15 மாதம் பின்னோக்கி எண்ணுங்கள்: ஜூலையில் அந்தச் சட்டம் வந்தபோது இந்தக் கோப்பு திறந்திருந்தது. சட்டம் நிலைத்திருந்தால் தலைமை வழக்குரைஞர் அதை வரவழைத்துப் பார்த்திருக்கலாம்.

கேள்வி: தூதரக அறிக்கையைப் பார்த்து, அதில் சாரம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுகொள்வது? (சேலம் வாசகர்)

பதில்: "கவனத்தில் கொள்கிறோம்" என்றால் ஒன்றும் நடக்காது. "கவலை", "கடுமையான கவலை" என்று ஏறும்போது உள்ளே தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியிருக்கும். ஆனால் பெயரடைகளைவிட மூன்று விஷயங்களைத் தேடுங்கள். மசோதாவின் எண்ணோ பிரிவோ குறிப்பிடப்பட்டிருக்கிறதா? அடுத்த தவணை எந்த மாதம்? அந்தத் தவணையின் பட்டியலில் இந்த அமைப்பின் பெயர் எழுத்தில் இருக்கிறதா? மூன்றும் இருந்தால் அரசு அசையும். பின்வாங்கிய பிறகு புதிய சட்டத்தையும் முழுதாக வாசியுங்கள். ஜூலை 31 சட்டத்தில் அதிகாரங்கள் திரும்பின, கூடவே ஒரு புதிய பிரிவும் வந்தது: அரசு ரகசியம் கையாளும் நாபு ஊழியர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது பொய் கண்டறியும் சோதனை. அதற்கான முறையை வகுப்பதில் நாபுவுக்கே பங்கு இருப்பதால் இப்போதைக்கு ஆபத்தில்லை. அந்தப் பிரிவில் இனி ஏதாவது திருத்தம் வந்தால், யாருடைய ஒப்புதலோடு என்ற வரியை முதலில் பாருங்கள்.