இரண்டே மாதத்தில் திரும்பி வந்த வைவாக்ஸ் மலேரியா

மலேரியாவுக்குக் குளோரோகுயின் மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டும் 2 மாதத்தில் மறுபடி குளிர்காய்ச்சல், மருந்து போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தைச் சந்தேகிக்கும் முன் பழைய சீட்டை எடுத்துப் பாருங்கள். பிரைமாகுயின் எழுதியிருந்தார்களா? குளோரோகுயின் ரத்தத்தில் இருக்கும் கிருமியைத்தான் கொல்லும். வைவாக்ஸ் என்ற இந்த வகை மலேரியாக் கிருமி கல்லீரலுக்குள்ளும் சத்தமில்லாமல் தூங்கும். மாதங்கள் கழித்துக்கூட எழுந்து வரும், புதிதாகக் கொசு கடிக்கவே வேண்டாம். அதை அழிப்பது பிரைமாகுயின், வழக்கமாக 14 நாள். காய்ச்சல் விட்டதும் பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் (நானும் ஒருமுறை அப்படித்தான்!). மலேரியா ஒழிப்புத் திட்டங்களுக்கே இது பெரிய தலைவலி.

அதற்காக நீங்களாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி உடம்பில் குறைவாக இருந்தால், பிரைமாகுயினால் அந்தச் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப்போகும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. இன்றே மருத்துவரிடம் போய் ரத்தத்தடவல் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) பாருங்கள், கூடவே ஜி6பிடியும் பார்க்கச் சொல்லுங்கள்.