சம்பளம் கூட்டியும் சர்வர்கள் ஏன் நிற்பதில்லை?

கொடைக்கானல் ஹோட்டலில் சம்பளத்தைக் கூட்டிய பிறகும் சர்வர்கள் கிளம்பிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள் சார். எனக்கு முதல் சந்தேகம் பிரேக் ஷிஃப்ட் மேல்தான். காலை 7 முதல் 11, மறுபடி மாலை 7 முதல் இரவு 11. உங்கள் கணக்கில் 8 மணி நேரம். அவர்களுக்குப் போவது 16 மணி நேரம். நடுவில் மலையிறங்கி ஊருக்கா போய்வர முடியும்? ஏப்ரல், மே சீசனில் வார லீவும் ரத்து என்றால் கேட்கவே வேண்டாம். இரண்டு பேரையாவது ஒரே நேர ஷிஃப்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

அப்புறம், ஆட்கள் 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) உண்டு, 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு. அதற்குச் சம்பளத்தில் பிடித்துக் கட்டுகிறீர்களா? டிப்ஸ் கல்லாவுக்குப் போகிறதா என்பதையும் விசாரியுங்கள். இதை உங்களிடம் யாரும் நேரில் சொல்லமாட்டார்கள்.