வரைபடத்தில் இருக்கும் சூலியா கம்பம்

அன்புள்ள அக்கா,
பழைய வரைபடங்களை வைத்து சிங்கப்பூர் நகரம் வளர்ந்த விதத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். 1828ல் வெளியான படத்தில் ஆற்றோரம் ‘சூலியா கம்பம்’, அதாவது சூலியாக்கள் எனப்பட்ட தென்னிந்தியரின் (பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்களின்) குடியிருப்பு, இருக்கிறது. அன்று தமிழர்கள் அங்கேதான் வாழ்ந்தார்கள் என்று எழுதலாமா? பழைய படத்தை இன்றைய படத்தின்மேல் பொருத்த எந்த மென்பொருள் நல்லது?
– ஒரு மாணவர், ஈசூன்

அன்புள்ள தம்பி,

மென்பொருளை உன் நண்பர்களிடம் கேட்டுக்கொள், அது பெரிய விஷயமில்லை. முதல் கேள்விதான் கொஞ்ச நாளாக என்னையும் குடைந்துகொண்டிருக்கிறது.

அப்படி எழுதாதே. அந்த 1828 படம், இருந்த ஊரை அளந்து வரைந்த படம் இல்லை. 1822ல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் சொன்னபடி லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் வரைந்த திட்டம், அச்சில் வந்தது 1828ல். ஐரோப்பியர் இங்கே, சீனர் அங்கே, சூலியாக்கள் ஆற்றின் மேல்பக்கம், அரபியரும் சுலாவெசித் தீவிலிருந்து வந்த பூகிஸ்காரரும் கிழக்கே என்று பிரித்து, சதுப்பின் மேலும் நேர்நேராகத் தெருக்கோடு போட்ட படம். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆள்பவர் நினைத்ததை, இப்படித்தான் இருந்தது என்று நீ எழுதினால் எப்படி? அளந்து வரைந்த படம் வேண்டுமென்றால் 1836ல் கட்டடக் கலைஞர் கோல்மனுடைய அளவையை வைத்து வந்ததை எடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. எந்தக் கோடு நிஜமானது, எந்தக் கோடு காகிதத்தோடு நின்றது என்று தேடு.

மாரியம்மன் கோவிலைப் பார். அதைக் கட்டிய நாராயண பிள்ளைக்கு முதலில் அன்று கடலோரமாக இருந்த தெலோக் ஆயரில் இடம் கிடைத்தது, பூஜைக்கு நல்ல தண்ணீர் இல்லை. 1821ல் ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய்ப் பக்கம் கிடைத்தது, மறு வருஷமே ஜாக்சன் திட்டம் வந்து அந்த இடத்தை வேறு காரியத்துக்கு ஒதுக்கிவிட்டது. 1823ல்தான் சவுத் பிரிட்ஜ் ரோடு இடம், 1827ல் மரமும் அத்தாப்பு ஓலையும் வைத்துக் கட்டிய கோவில். ஒரு கோடு ஒரு தெய்வத்தையே இடம் மாற்றியிருக்கிறது, உன் கட்டுரையில் அது எங்கே? அல்-அப்ரார் பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் சூலியாக்கள் எழுப்பியவைதான், அதே 1827, 1828ல் தொடங்கியவை. இரண்டும் கம்பத்தில் இல்லை, தெலோக் ஆயரில் கடலைப் பார்த்து நின்றன. 1879ல் தொடங்கி கடலைத் தூர்த்த பிறகு இப்போது அவற்றுக்கு முன்னால் கட்டடங்கள். எம்ஆர்டி ரயில் ஏறினால் போய்விடலாம், ஒரு தடவையாவது அந்தத் தெருவில் நடந்திருக்கிறாயா? திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் கரை எங்கே இருந்ததென்று காலுக்குத் தெரியாது தம்பி.

என் அப்பா டாக்சி ஓட்டியவர். புதிய தெரு வழிகாட்டி வாங்கினாலும் பழையதை எறிய விடமாட்டார். பொத்தோங் பாசிர் பக்கம் அச்சில் கோடே இல்லாத மண்பாதைகளைப் பென்சிலால் போட்டு, எங்கே மழையில் தண்ணீர் நிற்கும், யார் கடையில் இரவிலும் விளக்கு எரியும் என்று ஓரத்தில் எழுதிவைத்திருப்பார். அம்மா சண்டை போடுவார், இடத்தை அடைக்கிறதென்று. படங்களைப் படிக்க எனக்குச் சொல்லித்தந்தவை அந்தப் பென்சில் கோடுகள்தான், கல்லூரி இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேள், யாராவது ஏதாவது வைத்திருப்பார்கள்.

தேசிய நூலகத்தில் பழைய படங்கள் இருக்கின்றன, கூச்சப்படாமல் போய்க் கேள். நல்ல பையன் நீ, கேள்வியும் நல்ல கேள்விதான், அவசரம்தான் கூடாது. முடித்ததும் அனுப்பு, வரி வரியாகப் படிக்கிறேன். ஆனால் ‘தமிழர்கள் சூலியா கம்பத்தில் வாழ்ந்தனர், ஆதாரம் 1828 வரைபடம்’ என்ற வரி அதில் இருந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
அக்கா