முதலில் பழகிவிட்டு வரவா?

வாசகர் கடிதம்:

அன்புள்ள அக்கா, எனக்கு 43 வயது. ஒரு அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் வேலை. சின்ன வயதில் எந்த நேரமும் படம் கீறிக்கொண்டிருப்பேன். 95-இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது கொப்பிகள் எல்லாம் வீட்டோடு போயின. அதற்குப் பிறகு கீறவில்லை. என்னோடு படித்த தோழி ஒருத்தி போன வருடம் கனடாவிலிருந்து வந்து இணுவிலில் இருக்கிறாள். சனிக்கிழமை பின்னேரங்களில் அவள் வீட்டு விறாந்தையில் இருந்து இரண்டு பேரும் ஏதாவது செய்வோம். கண்ணாடித் துண்டில் பெயின்ற் பூசி இலைகளை அச்செடுப்போம், தேத்தண்ணிச் சாயத்தால் கீறுவோம். நேரம் போவதே தெரியாது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் அவளுடையது ஓவியம், என்னுடையது கிறுக்கல். வீட்டுக்காரர் "இந்த வயதில் சின்னப்பிள்ளை விளையாட்டு" என்று சிரிக்கிறார். முதலில் ஒரு வகுப்பில் சேர்ந்து ஒழுங்காகப் பழகிவிட்டு, பிறகு அவளோடு சேரட்டுமா? பத்து வயது மகளும் தானும் வரப்போவதாக நிற்கிறாள்.

பெயர் வேண்டாம், கொக்குவில்

பதில்:

தங்கச்சி, வகுப்பைத் தள்ளிப்போடுங்கள். சனிக்கிழமையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வகுப்பு கூடாது என்று சொல்லவில்லை. தூரத்தில் உள்ளது ஏன் சிறிதாகத் தெரிகிறது, முகத்தில் கண் எந்த மட்டத்தில் வரும் என்பதையெல்லாம் ஒருவர் காட்டித் தந்தால் வேகமாகப் பிடிபடும். ஆனால் இங்கே சித்திர வகுப்பு என்றால் அனேகமாக ஓ.எல், ஏ.எல் பிள்ளைகளுக்கானது. பரீட்சைக்காகக் கை தீட்டிய பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, இப்போதுதான் மறுபடி தூரிகை பிடித்த நீங்கள் ஒரு சாடியைக் கீறினால் என்ன நடக்கும்? இரண்டாம் கிழமையே ஏதாவது காரணம் சொல்லி நின்றுவிடுவீர்கள். அதோடு விறாந்தைக்கும் போகமாட்டீர்கள். எனக்கு அந்தப் பயம்தான். இத்தனை வருடம் ஓய்ந்திருந்த கையை அசைய வைத்தது உங்கள் தோழி. ஆசை இன்னும் கொஞ்சம் வேர் விடட்டும். ஆறு மாதம் கழித்து, "எனக்கு மனித உருவம் சரிவரவில்லை, அதைப் பழக வேண்டும்" என்று குறிப்பாக ஒரு தேவை வரும். அப்போது வகுப்புக்குப் போங்கள், பிரயோசனமாக இருக்கும்.

சேர்ந்திருந்து கீறுவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1938-இல் சித்திர வித்தியாதரிசியாக, அதாவது பாடசாலைகளின் சித்திரக் கல்வியை மேற்பார்ப்பவராக, இருந்த எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் ஆர்ட் கிளப் என்ற பெயரில் ஓவிய ஆர்வலர்களை ஒன்றுகூட்டினார். பிற்பாடு ஓவியர் பெனடிக்ற் முன்னின்று நடத்திய விடுமுறைக்கால ஓவியர் கழகம் வந்தது. அந்தக் கழகத்தில் வளர்ந்தவர்தான் ஓவியர் மாற்கு. அவரும் தன் பங்குக்கு எத்தனையோ இளம் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தனியே அறைக்குள் இருந்து தேர்ச்சி பெற்ற பிறகுதான் மற்றவர்களோடு சேரலாம் என்று அவர்கள் ஒருவரும் காத்திருக்கவில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தோழி உங்களைக் குறைவாகச் சொன்னதாக ஒரு இடத்திலும் இல்லை. விறாந்தையில் இருக்கும்போது உங்களுக்கும் அந்த எண்ணம் வருவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்கும்போதுதான் அது 'கிறுக்கல்' ஆகிறது. அப்படியென்றால் கொண்டுவராதீர்கள்! ஒரு மாதத்துக்குச் செய்ததெல்லாம் அவள் வீட்டிலேயே ஒரு கோப்புக்குள் கிடக்கட்டும். மாத முடிவில் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துப் பாருங்கள். அவள் இத்தனை வருடமும் விடாமல் கீறி வந்தவளா என்றும் கேளுங்கள். ஆம் என்றால், அவளுடைய கைக்கும் உங்களுடைய கைக்கும் நடுவில் இருப்பது அந்த வருடங்கள்தான். திறமையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் செய்துபார்க்கும் வேலைகள் உங்களுக்கு நன்றாகவே பொருந்துகின்றன. கண்ணாடியில் பூசி எடுக்கும் அச்சு இடம் வலமாகத்தான் விழும். எங்கே அழுத்தமாக வரும், எங்கே வெளிறும் என்பது முழுக்க உங்கள் கையில் இல்லை. அதனால் 'சரியாக வந்ததா' என்ற கேள்விக்கே அங்கே பெரிதாக இடமில்லை. அக்ரிலிக் என்றால் நம் வெக்கைக்கு உடனே காய்ந்துவிடும். தாளைச் சற்று ஈரமாக்கி வைத்துக்கொண்டு, பூசிய உடனே மேலே போட்டுக் கரண்டியின் பின்பக்கத்தால் தேயுங்கள்.

அடுத்ததாக மண்ணை எடுத்துப் பாருங்கள். இணுவிலில் இருந்துகொண்டு கடையில் செந்நிறம் வாங்கத் தேவையில்லை. செம்மண்ணை ஒரு வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, கல்லும் மணலும் அடியில் தங்கியதும் மேலே உள்ள கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி அடைய விடுங்கள். தெளிந்த நீரை வடித்து, அடியில் நிற்கும் சேற்றைக் காயவைத்து அரைத்து, தண்ணீரில் ஊறவைத்த வேப்பம் பிசினோடு குழைத்தால் கீறலாம். மண்ணின் அந்தச் சிவப்பு இரும்பு ஒக்சைட்டால் வருவது. வெயிலுக்கு மங்காது. மஞ்சள் அதற்கு நேர்மாறு. சுண்ணாம்பு பட்டதும் சிவக்கும், தேசிக்காய்ப் புளி விட்டால் திரும்ப மஞ்சளாகும், ஆனால் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கிப்போகும். தேத்தண்ணிச் சாயம் கறுக்க வேண்டுமென்றால், துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் சில நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சாயத்தின் மேல் தடவுங்கள். கண் முன்னாலேயே கறுக்கும். இப்படி நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருடைய படம் திறம் என்ற நினைப்பு வராது, செய்து பாருங்கள்.

இன்னொன்று, ஒரே தாளில் இரண்டு பேரும் கீறுங்கள். 1925 அளவில் பாரிஸில் சர்ரியலிசக் கலைஞர்கள் (கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கியவர்கள்) சிலர் தாளை மடித்து, முன்னவர் கீறியது தெரியாமல் அடுத்தவர் தொடரும் ஒரு விளையாட்டை விளையாடினார்கள். கவிஞர், ஓவியர் என்ற பேதம் இல்லாமல் கூடியிருந்து செய்தது அது. விளையாட்டு என்பதற்காக அவர்கள் வெட்கப்படவில்லை.

சரி, அந்தக் கொப்பிகளுக்கு வருகிறேன். ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். நம் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்கப் போருக்குப் பயந்து தென்மராட்சியை நோக்கி நடந்த அந்த 1995 ஒக்டோபர் 30-இல் உங்களுக்குப் பதின்மூன்று வயது இருந்திருக்கும். அந்த வயதில் கீறியதெல்லாம் போய்விட்டால், மறுபடி தொடங்க மனம் ஏவாது. 'நான் விட்டுவிட்டேன்' என்ற தொனியில் எழுதுகிறீர்கள். நீங்கள் விடவில்லை தங்கச்சி, உங்களிடமிருந்து அது போனது. தோழியும் அப்போது ஊரில் இருந்தவள் என்றால் அந்த இரவு அவளுக்கும் தெரிந்திருக்கும். எந்த வகுப்பு ஆசிரியருக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டியதை அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஓவியர் சனாதனன், இடம்பெயர்ந்த மக்களிடம் தாங்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொல்லி, அவற்றையும் அவர்களின் கதைகளையும் 2011-இல் ஒரு நூலாக்கினார். கீறியவர்கள் ஓவியர்கள் இல்லை, சாதாரண ஆட்கள். கிணறு எங்கே, சாமியறை எங்கே, பலாமரம் எந்த மூலையில் என்று கையால் காட்டுவதற்கு யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. மனம் வரும் ஒரு நாளில் நீங்கள் இருவரும் அவரவர் பழைய வீட்டைக் கீறிப் பார்க்கலாம். அழுகை வந்தால் வரட்டும், தோழிதானே பக்கத்தில் இருக்கிறாள். மனம் வராவிட்டால் இலைகளையே அச்செடுங்கள், அதுவும் போதும்.

வீட்டுக்காரர் சிரிக்கிறார் என்று எழுதினீர்கள், தடுக்கிறார் என்று எழுதவில்லை. அதனால் அவரோடு வாதாட வேண்டாம். படங்களைக் காட்டி அவர் வாயால் நல்லது என்று சொல்ல வைக்கவும் பார்க்காதீர்கள். "சனிக்கிழமை நாலு மணிக்கு நான் வெளிக்கிட்டுவிடுவேன், தேத்தண்ணியை நீங்கள் போட்டுக் குடியுங்கள்" என்று இயல்பாகச் சொல்லிவிட்டுப் போங்கள். ஒவ்வொரு கிழமையும் போனால் அது வீட்டின் வழக்கமாகிவிடும்.

மகளை இப்போதைக்கு அங்கே கூட்டிப் போகாதீர்கள். பிள்ளை பக்கத்தில் இருந்தால் நீங்கள் அம்மாவாகிவிடுவீர்கள், அவளுடைய பெயின்ற் கொட்டாமல் பார்ப்பதிலேயே பின்னேரம் போய்விடும். அவளுக்கு ஞாயிறு காலையை ஒதுக்குங்கள். முற்றத்தில் பழைய பேப்பரை விரித்து, ஒரு பெரிய டிமைத் தாளும் குழைத்த செம்மண்ணும் கொடுத்தால் அவள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வாள். நீங்களும் பக்கத்தில் இருந்து உங்களுக்கென்று ஒரு தாளை எடுங்கள், அவளுடைய தாளில் கை வைக்காதீர்கள்.