குட்டி மலைப்பாம்புக்குப் பெட்டியும் சூடும்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் ஊர்வனவற்றுக்கான கால்நடை மருத்துவ நிலையம் ஒன்றில் பல ஆண்டுகள் உதவியாளராக வேலை செய்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பியிருக்கிறேன். அங்கே எங்கள் மேசைக்கு வந்த இளம் மலைப்பாம்புகளில் பல, பெட்டியும் சூடும் சரியில்லாததால் மட்டுமே நோயுற்றவை. தடுத்திருக்கக்கூடிய நோய்கள். ஆகவே வந்திருக்கும் கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

உட்லண்ட்ஸ் இளைஞர்: அக்கா, தேசிய சேவை முடித்துவிட்டேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் என் அறையில் ஒரு குட்டி மலைப்பாம்பு வளர்க்க ஆசை. டெலிகிராமில் ஒருவர் விற்கிறார். எத்தனை வாட் பல்பு போட வேண்டும்?

வாங்காதீர்கள், தம்பி. சிங்கப்பூரில் மலைப்பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்ப்பது சட்டவிரோதம். வீவக வீடு, தரைவீடு என்ற வேறுபாடெல்லாம் இதில் கிடையாது. ஊர்வனவற்றில் செங்காது ஆமை போன்ற மிகச் சிலவற்றுக்கே இங்கே அனுமதி. இன்னொன்றையும் யோசியுங்கள்: ஒளித்து வளர்க்கும் பாம்புக்கு மூச்சிரைப்பு வந்தால் மருத்துவரிடம் கொண்டுபோகத் துணிவீர்களா? உங்கள் அச்சத்தில் வதைபடுவது அதுதான். பாம்பின் மீது உண்மையான ஈடுபாடு இருந்தால் மண்டாய் விலங்குத் தோட்டத்தில் ஊர்வனவற்றுக்கான பகுதியாகிய ரெப்டோபியாவுக்குப் போய், ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் விளக்கு எங்கே, நிழல் எங்கே, பாம்பு எங்கே என்று நிதானமாகப் பாருங்கள். நல்ல பாடம் அது.

ஜூரோங் வெஸ்ட் தாய்: மான்செஸ்டரில் படிக்கும் என் மகன் ஒரு ராயல் பைத்தான் குட்டி வாங்கியிருக்கிறான். குளிர்காலத்தில் அறை ஹீட்டரை 20 டிகிரியில் வைத்திருக்கிறானாம். அது போதுமா?

போதாது அம்மா. அறைச் சூட்டை மட்டும் நம்பினால் அந்தக் குட்டி தாக்குப்பிடிக்காது.

ராயல் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பால் பைத்தான் என்று கடைகளில் சொல்வதும் இதைத்தான். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பழமொழி இதற்கு அப்படியே பொருந்தும்: எலி வளைகளிலும் கைவிடப்பட்ட கறையான் புற்றுகளிலும்தான் பகலைக் கழிக்கிறது. சூடு வேண்டுமென்றால் வாய்ப்பக்கம் வரும், வேண்டாமென்றால் உள்ளே போகும். தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்க முடியாத உயிருக்கு இந்த நடமாட்டம்தான் எல்லாம். நாம் கட்டித் தரும் பெட்டியிலும் அது கிடைக்க வேண்டும்.

எனவே ஒரே வெப்பநிலை என்ற பேச்சே வேண்டாம். பெட்டியின் ஒரு முனையில் பாம்பு படுக்கும் பரப்பு 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருக்கட்டும். மறு முனை 24 முதல் 27 வரை. இரவில் கொஞ்சம் இறங்கலாம், ஆனால் 22க்குக் கீழே போகக் கூடாது. சூடு குறைந்தால் முதலில் கெடுவது செரிமானம். விழுங்கிய எலி வயிற்றிலேயே அழுகத் தொடங்கும், குட்டி அதைக் கக்கிவிடும். அடுத்தது நுரையீரல். வாயைத் திறந்தபடி தலையை உயர்த்தி வைத்திருந்தாலோ, மூக்கோரம் குமிழி கட்டினாலோ, மூச்சில் கீச்சென்று சத்தம் கேட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

மகனிடம் ஒன்று கேளுங்கள்: வெப்பமானி எந்த இடத்தில் இருக்கிறது? பெட்டிச் சுவரில் ஒட்டிய வட்ட முள் வெப்பமானி சுவரின் சூட்டைத்தான் காட்டும். உணர்முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானிகள் இரண்டு வேண்டும்: சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று, இரண்டும் பாம்பு படுக்கும் உயரத்தில்.

ஈசூன் தந்தை: நான் மின்பணியாளர். மகள் லீட்ஸில் இருக்கிறாள். பெட்டிக்கு அடியில் வைத்திருக்கும் வெப்ப விரிப்பு வெறும் சில வாட்தான், அதற்குத் தனியாக தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) எதற்கு என்கிறாள். நான் சொன்னால் கேட்கவில்லை.

ஐயா, நீங்கள் சொல்வதுதான் சரி. இந்தப் பதிலை அப்படியே அவளுக்கு அனுப்புங்கள்.

கட்டுப்பாடில்லாத விரிப்பு, மேலே தடித்த படுக்கையும் கீழே காற்றுப் போக இடமில்லாத தரையும் இருந்தால் 40 டிகிரியை எளிதாகத் தாண்டும். மலைப்பாம்பின் மேலுதட்டோரம் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். இருட்டிலும் எலியின் உடற்சூட்டை அவற்றால் அறியும். அவ்வளவு நுட்பமான உயிர், வயிற்றுக்கு அடியில் ஏறும் சூட்டிலிருந்து மட்டும் உரிய நேரத்தில் விலகுவதில்லை. அப்படியே சுருண்டு கிடக்கும். தீக்காயம் முதலில் வயிற்றுச் செதில்களில் இளஞ்சிவப்பாகத் தெரியும். சட்டை உரிக்கப்போகும் நிறம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். பிறகு செதிலோரம் பழுப்பாகி, நீர் கோத்து, தோல் பிரியும். ஆற மாதக்கணக்காகும். நான் கட்டுப் போட்ட குட்டிகள் எல்லாமே தெர்மோஸ்டாட் இல்லாத பெட்டிகளிலிருந்து வந்தவை.

விரிப்புக்குச் சாதாரணமாக நிறுத்தி இயக்கும் வகை தெர்மோஸ்டாட்டே போதும். ஒளிதராத பீங்கான் வெப்ப பல்புக்குத் துடிப்பு முறையில் மின்சாரம் அனுப்பும் வகை, ஹாலஜன் பல்புக்கு ஒளியை மங்கவைக்கும் வகை. மாற்றிப் போட்டால் பல்பு அடிக்கடி போகும், சூடும் ஏறி இறங்கும். விரிப்பென்றால் உணர்முனையை விரிப்புக்கும் பெட்டித் தளத்துக்கும் நடுவில் அசையாமல் பொருத்த வேண்டும். கழன்று குளிர்ந்த மூலையில் விழுந்த உணர்முனை, சூடு போதவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும், விரிப்பும் சூடேறிக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் பல்பு இருந்தால் கம்பிவலைக் கூடு கட்டாயம், ஏனென்றால் பாம்பு சூடான பல்பையே சுற்றிக்கொள்ளும். மின்சூட்டுக் கல் என்று விற்பதை வாங்கவே வேண்டாம்.

தண்ணீர் தெளிக்கும் பெட்டி என்பதால் கம்பியைச் செருகிக்கு வரும் முன் ஒரு வளைவு கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். காரணம் உங்களுக்கே தெரியும்: வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், செருகிக்குள் போகாது. பிரிட்டனிலும் நம்முடைய அதே 230 வோல்ட், அதே மூன்று முனைப் பிளக்தான், ஆகவே நல்ல தெர்மோஸ்டாட் ஒன்றை நீங்களே சோதித்து அனுப்பினாலும் அங்கே வேலை செய்யும்.

செங்காங் மாணவி: எடின்பரோ போகிறேன் அக்கா, அங்கே வளர்க்கலாம் என்றிருக்கிறேன். பெரிய பெட்டியில் குட்டி பயந்துவிடும், சிறியதே நல்லது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. குட்டி பயப்படுவது வெட்டவெளிக்குத்தான். 90 சென்டிமீட்டர் நீளப் பெட்டியிலும் இலைக்கொத்து, மரப்பட்டை, கிளை என்று நிறைத்து வைத்தால் நன்றாகவே நடமாடும். வளர்ந்த பின் 120க்கு 60 சென்டிமீட்டராவது வேண்டும். மறைவிடம் இரண்டு வையுங்கள், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றுதான் என்றால் பாம்பு பாதுகாப்புக்காகச் சூட்டைத் தியாகம் செய்யும், அல்லது சூட்டுக்காகப் பாதுகாப்பை. சுருண்டால் உடல் இரு பக்கமும் சுவரில் உரசும் அளவுக்குக் குறுகலாக இருப்பதே நல்ல மறைவிடம்.

ஸ்காட்லாந்துக் குளிருக்குக் கண்ணாடித் தொட்டியைவிட மரப்பெட்டி சூட்டைத் தக்கவைக்கும். கதவுக்குப் பூட்டு போடுங்கள். விரல் நுழையும் சந்து போதும், குட்டி வெளியே போய்விடும்.

ஆனால் தங்கையே, உங்கள் படிப்பு நான்கு ஆண்டுதானே? இந்தப் பாம்பு 20, 30 ஆண்டு வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குத் தோட்டத்தில் 60 வயதைக் கடந்த ராயல் பைத்தான் ஒன்று 2020இல் முட்டையிட்டது. திரும்பி வரும்போது அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர முடியாது. யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்பதற்கு இப்போதே பெயர் சொல்ல முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால், வளர்ப்பவர் ஒருவருக்கு உதவியாகப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். மாணவர்கள் விட்டுப்போன பாம்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மனம் ஆறாது.

தோ பாயோ வாசகர்: ஈரப்பதம் எவ்வளவு வேண்டும்? நம் ஊரில் எப்போதும் 80 விழுக்காடு, லண்டனில் தம்பி வீட்டில் ஹீட்டர் போட்டால் உதடே வெடிக்கிறது.

55 முதல் 65 விழுக்காடு. கண் பால் நீலமாக மங்கினால் சட்டை உரிக்கப்போகிறது என்று பொருள், அப்போது 70க்கு மேல் கொண்டுபோகலாம். ஈரப் பாசி போட்ட மூடிய டப்பா ஒன்றில் வாசல் வெட்டி வைத்தாலே போதும். படுக்கைக்குத் தேங்காய் நார்த்துகள் ஈரத்தை நன்றாகப் பிடிக்கும். தேவதாரு மரச்சீவல் ஆகாது, அதன் எண்ணெய் நுரையீரலுக்குக் கேடு. ஈரமும் குளிரும் சேர்ந்தால்தான் ஆபத்து, ஆகவே முதலில் சூட்டைச் சரிசெய்துவிட்டுப் பிறகு தெளிக்கச் சொல்லுங்கள். சட்டை துண்டு துண்டாக உரிந்தால் கையால் பிய்க்க வேண்டாம், கண்மேல் தங்கிய தோலை ஒருபோதும் வேண்டாம்.

பிடோக் தாத்தா: பேத்தி மெல்பர்னில் இருக்கிறாள், மகளே. அவளும் இந்த ராயல் பைத்தான் வாங்கலாமா? கழுத்தைச் சுற்றிக்கொண்டால்?

ஆஸ்திரேலியாவில் ராயல் பைத்தான் வளர்க்க அனுமதி இல்லை, ஐயா. அந்நாட்டு இனங்களையே வளர்க்கலாம், விக்டோரியாவில் அதற்கு உரிமம் எடுக்க வேண்டும். தொடங்குபவர்கள் பெரும்பாலும் சில்ட்ரன்ஸ் பைத்தான் என்ற சிறிய இனத்தை எடுப்பார்கள். ஒரு மீட்டர் அளவுள்ள பாம்பால் பெரியவர் ஒருவரின் கழுத்தை நெரிக்க முடியாது, அஞ்ச வேண்டாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தொடாமலிருப்பது நல்லது.

புக்கிட் பாத்தோக் வாசகி: தங்கை மகன் பர்மிங்ஹமில் வாங்கிய குட்டி இரண்டு வாரமாகச் சாப்பிடவில்லை.

வந்த முதல் வாரம் உணவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். பிறகு வெப்பநிலையையும் மறைவிடங்களையும் சரிபார்த்து, உறைந்த எலியை முழுவதும் உருகவைத்து, வெந்நீரில் 38 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, இடுக்கியால் மாலையில் கொடுக்கட்டும். எலி பாம்பின் உடலில் மிகத் தடித்த இடத்தின் அளவைத் தாண்டக் கூடாது. தின்றபின் இரண்டு நாள் தொடக் கூடாது. எடையை எழுதி வரச் சொல்லுங்கள். குறைந்துகொண்டே போனால் மருத்துவர்.

பொங்கோல் தாய்: மழைக்குப் பிறகு எங்கள் புளோக் கால்வாய் ஓரம் ஒரு சிறு மலைப்பாம்பைப் பிள்ளைகள் பிடித்து, அட்டைப்பெட்டியில் போட்டு மேசைவிளக்கு வைத்திருக்கிறார்கள். குளிரில் நடுங்கும் என்று பாவப்பட்டார்கள். என்ன உணவு கொடுக்க?

விளக்கை உடனே அணையுங்கள் அம்மா. அது இந்த மண்ணின் பாம்பு, வலைமலைப்பாம்பு. முட்டையிலிருந்து வரும்போதே 60 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். நம் வானிலைதான் அதன் வானிலை, தனிச் சூடு எதுவும் தேவையில்லை. அட்டைப்பெட்டிக்குள் விளக்குச் சூடு பட்டால் ஒதுங்க இடமின்றிச் செத்துப்போகும். உணவோ பாலோ கொடுக்க வேண்டாம். வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வைத்துக்கொள்வதும் குற்றம், ஆகவே தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 எண்ணை இப்போதே அழையுங்கள், பிள்ளைகள் பாவப்பட்டுச் செய்ததையும் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை பெட்டியில் காற்றுத்துளை இருக்கிறதா என்று பார்த்து, மூடி, நிழலான இடத்தில் வையுங்கள். யாரும் கையை உள்ளே விட வேண்டாம், அதன் பற்கள் பின்னோக்கி வளைந்தவை. ஏற்கெனவே யாரையாவது கடித்திருந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.